முதலாளி வீட்டு ஒப்பாரி

முதலாளியின் பெண்சாதி சிவலட்சுமி அம்மா எனக்குக் கார் அனுப்பியபோது நான் வட்டக்கச்சியில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி செத்துவிட்டார், வந்து அழட்டாம் என்று டிரைவர் சொன்னான். சேற்றுக் காலோடு ஏறக்கூடாதென்று வாய்க்காலில் கழுவ வைத்தான். என் புருசன் வீரையாவைத் தனியே விட முடியாது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். அவரையும் ஏற்றிக்கொண்டேன்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். ஓநாய் செத்ததற்கு ஆட்டைக் கார் வைத்துக் கூட்டிப்போய் அழச்சொன்ன கதை இது.

பரந்தனில் முத்துலிங்கம் முதலாளியைத் தெரியாதவர்கள் இல்லை. நெல் ஆலை, உரக்கடை, லொறிகள். அதெல்லாம் பிழைப்புக்கு, ஆசையெல்லாம் குத்துச்சண்டையில். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்ற காலத்தில் பிடித்த பைத்தியம் என்பார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்த, உடுத்த துணியோடு நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். மற்றவர்கள் எங்கள் பசியைப் பார்த்தார்கள். முதலாளி என் புருசனின் தோளைப் பார்த்தார். மூட்டை தூக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். கொஞ்ச நாள் தூக்கவும் வைத்தார். பிறகு நெல் காயவைக்கும் சீமெந்துத் தரையில் லொறிக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ‘மலைநாட்டுச் சிங்கம்’ என்று நோட்டீஸ் அடித்து, வீரையாவை உள்ளே இறக்கிவிட்டார். மல்லாவியிலிருந்தெல்லாம் சனம் டிராக்டரில் வந்தது. வென்றால் முதலாளி கெட்டிக்காரர். தோற்றால் வீரையா தோட்டக்காட்டான்.

எண்பதாம் ஆண்டு ஒரு சண்டைக்குக் காய்ச்சலோடு ஏறினார். எதிரே கொழும்பிலிருந்து வந்த தடியன். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. முதலாளி ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, “சனம் காசு குடுத்து வந்திருக்கு, எழும்பு” என்று தூக்கி நிறுத்தினார். நின்றார். அதற்குப் பிறகு நின்றது உடம்பு மட்டும்தான். இடது கண் போனது, ஊர் பேர் மறந்தது. பிள்ளையில்லாத வீட்டுக்கு அவரே பிள்ளையாய் வந்து சேர்ந்தார்.

முதலாளி பெரிய மனசு பண்ணி, வட்டக்கச்சியில் கால் ஏக்கரில் எங்களைக் குடிசை போட விட்டார். எழுத்தில் எதுவும் தரவில்லை. விருந்தாளி வந்தால் அங்கே கூட்டிவந்து, “ஒருக்காக் கையைத் தூக்கிக் காட்டு வீரையா” என்பார். அவர் முட்டியை மடக்கித் தூக்குவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்காகவே முதலாளி புழுத்துச் சாகவேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். மனிதர் தூக்கத்தில் போய்விட்டார். சாமிக்கும் முதலாளிமாரைத்தான் பிடிக்கும்.

அந்த வீட்டு விறாந்தையை அன்றுதான் முதன்முதலாகத் தாண்டினேன். வீரையாவை ஆம்பிளைகளோடு பந்தலில் இருத்திவிட்டுப் போனேன். சிவலட்சுமி அம்மா என்னைக் குசினிப் பக்கம் இழுத்துப்போனார்.

“மகளவை லண்டனிலை. மச்சாள்மார் கோவத்திலை வரேல்லை. வந்ததுகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரேல்லை. இப்பிடி அவரை எடுத்துக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். உங்கடை ஆக்கள் நல்லா ஒப்பாரி சொல்லுவினமாம்.”

“நாங்க இருக்கிற காணி, அம்மா?”

“முதல்லை அழு, மீனம்மா. நீ அழுறதைப் பாத்துத்தான் காணிக் கதை.”

தலைமாட்டில் உட்கார்ந்தேன். பட்டு வேட்டியும் மூக்கில் பஞ்சுமாகக் கிடந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் துப்பத்தான் எச்சில் ஊறியது. பெண்கள் காத்திருந்தார்கள். கால் ஏக்கரும் கிணறும் கைவிட்டுப் போகப்போகிறது என்று பயம் வந்தது. கண்ணை மூடினேன். அந்தக் கட்டிலில் வேறொருவரைக் கிடத்தினேன். உயிரோடிருக்கும் புருசனுக்கு ஒப்பாரி வைக்கிற பாவத்தை எங்கள் ஆட்கள் கனவிலும் செய்யமாட்டார்கள். நான் செய்தேன்.

“மூட்டை தூக்கி வந்தவரே, முறுக்கேறின தோளழகா
ஊரு பாக்கக் கைய ஓங்கி ஒத்தையில நின்னவரே...”

“ஓம், மூட்டை தூக்கித்தானே மனிசன் முன்னுக்கு வந்தது” என்று ஒருத்தி விம்மினாள். அவளைப் பார்த்து மற்றவளும் விம்மினாள். என்னால் நிறுத்த முடியவில்லை. நெஞ்சிலடித்துக்கொண்டு பாடினேன்.

“சீமையெல்லாம் பாத்த கண்ணு செவப்பாகிப் போனதென்ன
ஒத்தக் கண்ணில் என்னத் தேடி ஓஞ்சிருக்கும் எஞ்சாமி...”

என் தோளில் சாய்ந்திருந்த சிவலட்சுமி அம்மாவின் அழுகை நின்றது.

“அவருக்கு ரெண்டு கண்ணும் வடிவாத்தானே இருந்தது” என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு அழுதுகொண்டிருந்த பெண்களைச் சுற்றிப் பார்த்தார். “நிப்பாட்டாதை. சனம் பாக்குது.”

என் மணிக்கட்டில் அவருடைய நகங்கள் இறங்கின. காணி இனி எங்களுக்கில்லை என்பதை அந்த நகங்களே சொல்லிவிட்டன. இனி யாருக்குப் பயப்படுவது? இன்னும் உரக்கப் பாடினேன்.

அப்போதுதான் வீரையா உள்ளே வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கும் சிவலட்சுமி அம்மாவுக்கும் நடுவில் மெல்ல உட்கார்ந்தார். என் பாட்டைக் கேட்டு அவருடைய ஒற்றைக் கண் கலங்கியிருந்தது.

“பாவம் புள்ள, ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காரு” என்றார். “ஒனக்குத் தெரிஞ்சவரா?”

“ஆமா” என்றேன்.

“நல்ல மனுசன் போலருக்கு. நானும் அழவா?”

நான் தலையாட்டினேன். அவர் பெண்கள் செய்வதைப் பார்த்தபடியே ஒரு கையை என் கழுத்தில் போட்டார். முட்டி உடைந்து விரல் கோணிய மற்றக் கையைச் சிவலட்சுமி அம்மாவின் கழுத்தில் போட்டு, இருவரையும் இறுக்கிக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார். அந்தக் கையைத் தட்டிவிட முடியாமல், சனம் பார்த்துக்கொண்டிருக்க, அவரோடு சேர்ந்து சிவலட்சுமி அம்மாவும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார்.