ஓரக் கண்ணி

...இப்போது கொக்கியை உள்ளே விட்டு, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல வெளியே இழுத்தால், பார், கண்ணி எவ்வளவு சமத்தாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, அடுத்தது, அதற்கடுத்தது, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, தலை நரைத்த ஆள், முறுக்கிய மீசை வேறு, ஓட்டுநர் தேர்வு மைதானத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சள் நூலில் மனைவிக்குச் சால்வை பின்னிக்கொண்டிருக்கிறேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள், பார்க்கட்டுமே, பார்த்தால் நூல் தேய்ந்தா போய்விடும்... வேலிக்கு அந்தப் பக்கம் என் மகள் லைசென்ஸுக்காக வண்டி ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வாண்டு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இன்றைக்கு அவள் பெயரை மைக்கில் அழைத்தபோது யாரோ என்று நினைத்துவிட்டேன். நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். என் மகள் கற்றுக்கொண்டதோ எதிர்த்தெரு ஸ்கூலில். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், என் மனைவி சிரித்து முடித்தாயிற்று.

முதலில் என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும், இத்தனை வருஷமாக என் வலது கால் அதன்மேல்தான் குடியிருக்கிறது, தெருமுனை தூரத்தில் தெரியும்போதே அமுக்கிவிடுவேன், முன்னால் ஒரு சைக்கிள் வந்தால் அமுக்குவேன், வராவிட்டாலும், எங்கே போயிற்று என்று அமுக்குவேன்... அவள் எவ்வளவுதான் பொறுப்பாள்? ஒருநாள் நடுத்தெருவில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை என் மடியில் போட்டாள். "நான் ஓட்டறதுக்கு முன்னாடியே நீங்க நிறுத்திடறீங்கப்பா. இனிமே உங்ககூட ஒரே கார்ல ஏற மாட்டேன்." ஏறவே இல்லை. கல்யாணம் காட்சி எதுவானாலும் நாங்கள் காரில், அவள் பஸ்ஸில். இன்றைக்கும் அப்படித்தான், பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, பின்னால் இருந்தவனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு... பாஸாவதெல்லாம் பாஸாவாள், கைகாரி, அவள் இனி ஒருநாளாவது என்கூடக் காரில் ஏறுவாளா, அதுதான் கேள்வி.

கேள்வி கிடக்கட்டும், அடுத்த கண்ணியைப் போடு. நூல் வாங்கியவள் என் மனைவிதான், ஆசைப்பட்டு வாங்கி, ஒரே வாரத்தில் அலுத்துப்போய் டிராயரில் போட்டு வைத்திருந்தாள், டார்ச்சுக்கு பேட்டரி தேடப்போன என் கையில் அது மாட்டியது. அப்போதெல்லாம் தூக்கத்தில்கூட எனக்குக் கால் உதறும். "படுக்கைல எதுக்குங்க பிரேக்கு, கட்டில் எங்கயும் ஓடிடாது" என்று அவள் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள். போனில் யாரோ ஒரு பெண் பின்னிக் காட்டிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து முதல் வரிசை போட்டேன், முடிச்சா பின்னலா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் நிமிர்ந்தபோது டீ ஆறிப்போயிருந்தது, கால் தரையில் தேமே என்று கிடந்தது. என் காலா இது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மஞ்சளைப் பார்த்தாலே மனசு குளிர்கிறது, பசி தெரிவதில்லை, சின்ன வயதில் ஜுரம் விட்ட காலையில் ஒரு சந்தோஷம் வருமே, காரணமில்லாமல், அது தினமும் வருகிறது, வெட்கமாகக்கூட இருக்கிறது...

"சார், இது சால்வையா, கொடியா?" என்று பக்கத்தில் கேட்டது ஒரு குரல். கணவரை உள்ளே தேர்வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அம்மா. மடியில் இருந்ததை விரித்துப் பிடித்தேன். கீழே அகலமாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன், மேலே வர வரச் சுருங்கிச் சுருங்கி... எப்படி? ஒரு கண்ணிகூட நழுவவில்லையே! அந்த அம்மா ஓரத்தை விரலால் தடவினார். "நானும் பின்னுவேன், அதான் கண்ணுல பட்டுச்சு. ஓரத்துக் கண்ணி வரைக்கும் நீங்க போகவே இல்ல. அதுக்கு முன்னாடியே நிறுத்தித் திரும்பிடறீங்க, ஒவ்வொரு வரிசையிலயும்." எனக்குக் குப்பென்று சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது, மாஸ்டரே, உன் கால் சும்மா இருந்தது சரி, இங்கே கை அல்லவா பிரேக் போட்டிருக்கிறது! அந்த அம்மா பயந்துபோய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கொக்கியை உருவிவிட்டு நூல் முனையைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது, மாசக்கணக்கான உழைப்பு, வயிறு எரிய வேண்டாமோ, எரியவில்லை, நூல் ஒரு இழைகூடக் குறையாமல் மடியில் குவிந்துகொண்டே வந்தது, இனி மறுபடியும் முதலிலிருந்து, எவ்வளவு வரிசைகள் மிச்சம் இருக்கின்றன, எவ்வளவு சாயங்காலங்கள்... பரிசு விழுந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடியில் சங்கிலிபோல் கண்ணிகளைக் கோத்துப் போட்டு, அதன்மேல் முதல் வரிசையில் பாதி வந்திருப்பேன், எதிரே மகளுடைய செருப்பு. நிமிர்ந்தேன். முகமே சொல்லிவிட்டது. "பாஸ்ப்பா!" எழுந்து அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது, மடி நிறைய நூல், அசைய முடியவில்லை, "என் தங்கமே" என்று கத்தியதில் காவலாளி திரும்பிப் பார்த்தார். அவள் நூல் குவியலைப் பார்த்தாள்.

"ஐயோ, எல்லாத்தையும் பிரிச்சிட்டீங்களா?"

"ஓரமெல்லாம் தப்புடா. பரவால்ல, நூல் அப்படியேதான இருக்கு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், யார் இந்த ஆள் என்பது போல. பிறகு கையை நீட்டினாள். "நம்ம கார் சாவியக் குடுங்க. ஒரு ரவுண்டு போலாம். நீங்களும் வாங்க... ஆனா கையில இந்த நூல் இருக்கணும், கால மடக்கி வெச்சுக்கணும்."

இதைத்தானே கேட்கக் காத்திருந்தேன், இவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்றுதானே... சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு என் வாய் சொல்கிறது, "நீ போயிட்டு வாம்மா. வரிசை பாதில நிக்குது."

"நிஜமாவா?"

"மெதுவாவே வா."

ஓடினாள். கதவு சாத்தும் சத்தம், இன்ஜின் சத்தம், நான் கொக்கியை நுழைத்து நூலைச் சுற்றினேன், இன்னும் கொஞ்சம்தான், இதோ ஓரத்துக் கண்ணி, இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இடம் கொடுக்கிறது... வந்துவிட்டது. நிமிர்ந்தபோது தெரு காலியாக இருந்தது. முனையில் இண்டிகேட்டர் போட்டாளா, வேகத்தைக் குறைத்தாளா, ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பார்க்க மறந்துபோனேனா, இல்லை... தெரிந்தேதான் விட்டுவிட்டேனா?