நரையில் தொடங்கிய முகம்

அப்பாவின் முகத்தை மகன் மாவீரன் கத்தரிக்காய் நிறத்தில் அச்சடித்துவிட்டான். அதுவும் ஆளுயரத்துக்கு. தலைமாட்டில் வைக்க வேண்டிய படம்.

"இதப் பாத்தா போன உசிரு திரும்பி வந்து உன்ன அறையும்டா" என்றாள் அம்மா, அச்சுக்கூட வாசலில் நின்று. அழுது வீங்கிய முகத்திலும் கிண்டல் குறையவில்லை. பக்கத்து அறையில் அப்பா, நிறம் பற்றி வாழ்நாளில் முதன்முறையாகக் கருத்தேதும் சொல்லாமல் படுத்திருந்தார்.

மெஷினில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் எந்தப் படத்தின் நிறமும் சரியாகிவிடும். அந்த முறை தன்னுடையது என்று மெஷின் கம்பெனிமேல் அப்பா காப்புரிமை வழக்குப் போட்டிருந்தார். எதிராளியின் பட்டனை அப்பா முகத்தில் அழுத்துவதா என்று மாவீரன் கையாலேயே திருத்தினான். பலன், கத்தரிக்காய்.

காலையில் கம்பெனி வக்கீல் போனில் துக்கம் விசாரித்த கையோடு, "அவரே போயிட்டாரு, கேஸையும் விட்டுடலாமேம்மா" என்றாராம்.

"செத்தது அவருங்க. கேஸ் இல்ல." அம்மா போனை வைத்துவிட்டாள்.

இனி கோர்ட்டில் நிற்க வேண்டியவன் மாவீரன். அவனுக்கோ உள்ளுக்குள் ஒரு முள். நிஜமாகவே அப்பா கண்டுபிடித்ததுதானா? கேட்டபோதெல்லாம் அவர், "இல்லடா, தெருவுல கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்" என்று சிரித்திருக்கிறார்.

கம்பெனி இன்ஜினியர் மாலையோடு வந்தார். ஒரு காலத்தில் அப்பாவிடம் வேலை பார்த்தவர். இந்த வழக்கில் கம்பெனியின் சாட்சி. கூண்டில் ஏறினால் "சரியா ஞாபகம் இல்ல" என்பதோடு இறங்கிவிடுவார்.

"வாங்க தம்பி" என்றாள் அம்மா. "படுத்திருக்கறது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கத்தரிக்காயைப் பார்த்தார். மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தார். பட்டனைத் தொடவில்லை. படத்தில் அப்பாவின் காதோர நரையை மட்டும் பிடித்துக்கொண்டு, அது சரியான சாம்பலுக்கு வரும்வரை திருத்தினார். முகத்தின் பக்கமே போகவில்லை. நரை தெளிந்ததும் முகம் தானாகக் கறுத்தது. அப்பாவின் கறுப்பு.

"சாம்பல் சரியானா மத்த நிறமெல்லாம் தானா சரியாகும். பட்டனும் உள்ள இதத்தான் செய்யுது" என்றார்.

"இது யாரோட முறை சார்?" என்றான் மாவீரன்.

அவர் மெஷினை ஓடவிட்டார். ஈரம் காயாத தாளை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"உங்கப்பாவோடது. கோர்ட்லயும் சொல்றேன்."

அம்மா வந்து தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.