சிவப்பாகவே இருந்த குடுவை

என் மனைவி நிமியா போன பிறகும் அவளுடைய புற்றுநோய்ச் செல்கள் உயிரோடு இருந்தன. சான் லொரென்சோவில் எங்கள் ஆய்வகத்தில், உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள், உள்ளங்கை அளவுக் குடுவை ஒன்றில். கடைசியில் அவள் வயிற்றில் சேர்ந்த, இந்தச் செல்கள் மிதந்த நீரை மருத்துவமனையில் எடுத்தபோது, அதை எங்களுக்குக் கொடுக்கச் சொன்னவள் அவள்தான்.

"தெரெரே குடிச்சுக்கிட்டு சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இந்தா, வேலை" என்றாள்.

செல்களுக்கு ஊற்றும் ஊட்டத் திரவம் சிவப்பு. செல்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தைத் துப்பும். சிவப்பு மஞ்சளாகும். புற்றுநோய்ச் செல்கள் பேராசை பிடித்தவை, சீக்கிரம் மஞ்சளாக்கும். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். வேறு போக்கிடமும் இல்லை.

குவாத்தம்பு மரப்பட்டையிலிருந்து ஒரு அல்கலாய்டை, மருந்தாகக்கூடிய சத்தை, பிரித்து வைத்திருந்தோம். விலைக்கு வாங்கிவந்த புற்றுநோய்ச் செல்களில் போட்டபோது அவை சர்க்கரை தின்பதைக் குறைத்துக்கொண்டன. அடுத்து, நோயாளியிடமிருந்து நேராக எடுத்த செல்களில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது நிமியாவுடையது மட்டும். நான் நாள் கடத்திக்கொண்டிருந்தேன்.

"டெர்லிஸ், போன வாரமும் இதையேதான் சொன்னே" என்றார் ஆய்வகத் தலைவி டாக்டர் சுனில்தா.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும் டாக்டர்."

"இனிமே வளராதுப்பா. பிரியறதே குறைஞ்சு போச்சு, நீயே பாக்கறே. இந்த வாரம் பண்ணலேன்னா அது தானாச் சாகும். யாருக்கும் உதவாம. நான் பண்ணட்டுமா?"

"வேண்டாம்."

அந்த வாரம்தான் நிமியாவின் முதல் வருஷ நினைவு. கபியாத்தாவில் மாமியார் எவுஸ்தாசியாவின் வீட்டில் படிகள் வைத்துப் பலிபீடம் அமைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒன்பது சாயங்காலம் ஜெபமாலை. ஒன்பதாம் நாள் மெழுகுவர்த்திகளை அணைத்துப் பீடத்தைக் கலைப்பார்கள். அன்று அத்தை துக்கத்துக்கு உடுத்திய கறுப்புடையைக் கழற்றுவாள். செத்தவளுக்கு அதோடு விடை.

முதல் ஜெபத்துக்கு மறுநாள் காலை நல்ல குளிர். அத்தை கொசிதோ டீ போட்டுக்கொண்டிருந்தாள். சட்டியில் யெர்பா இலைத்தூளும் சர்க்கரையும். அதன் மேல் அடுப்புக் கங்கு ஒன்றை வைத்து உருட்டினாள். சர்க்கரை கருகும் வாசனை வந்தது.

"அந்தக் குடுவை இன்னும் இருக்கா மாப்ள?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"அவதான். எங்கிட்ட எதை மறைச்சா அவ? உன்னோட ஓடிப்போறதையே சொல்லிட்டுத்தானே ஓடினா."

"இருக்கு அத்தே."

"உயிரோடயா?"

"ம்."

"என்ன தின்னுது?"

"சர்க்கரை."

அவள் கை நின்றது. கங்கு சீறிக்கொண்டிருந்தது.

"யாரு போடறா?"

"நான்தான்."

"எம் பொண்ணுக்குக் கடைசியில ஒரு வாய் கஞ்சி இறங்கல. அவளைத் தின்னது இன்னும் தின்னுக்கிட்டிருக்கு. நீ ஊட்டி விட்டுக்கிட்டிருக்கே."

"அதுவும் அவதான் அத்தே."

"இல்ல." சட்டியில் கொதிநீரை ஊற்றினாள். "அவ மூக்கு என் மூஞ்சியில இருக்கு. அவளைப் பாக்கணும்னா இங்க வந்து என்னைப் பாரு. அசிங்கமா இருந்தாலும் பாரு."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அவ அதைக் குடுக்கறப்போ ஒரு வேலை சொன்னாளாமே. செஞ்சியா?"

அவள் கொசிதோவை வடிகட்டி என் முன்னால் வைத்தாள்.

"அது ஒரு மூலையில விருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கையில நான் எப்படிக் கறுப்பைக் கழட்டுவேன்?"

அன்றே செல்களை இரண்டு குடுவைகளாகப் பிரித்தேன். அவை குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டதும் ஒன்றில் அல்கலாய்டைச் சேர்த்தேன். மற்றதில் வெறும் திரவம். நோயில்லாத நல்ல செல்கள் கொண்ட குடுவை ஒன்றிலும் அதே அளவு மருந்து.

மருந்தில்லாத குடுவை வழக்கம்போல மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மருந்து போட்டது சிவப்பாகவே இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். முதலில் செல்கள் ஒட்டிய இடத்திலேயே இருந்தன, சர்க்கரையைத் தொடவில்லை. பிறகு சுருங்கின. பிறகு அடியை விட்டு மிதந்தன. நல்ல செல்கள் எப்போதும்போல இருந்தன.

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே ஒருத்தியோட செல்லு. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

"தெரியும் டாக்டர்."

"அந்த மஞ்சளை என்ன பண்றே?"

ஒன்பதாம் நாள் அது நன்றாக மஞ்சளாகியிருந்தது. செல்களுக்குப் பசி. புதுத் திரவப் புட்டி பக்கத்திலேயே இருந்தது. அதன் மூடியைத் திறந்தேன். அந்தக் கையாலேயே திரும்பவும் மூடினேன். பிளீச்சிங் திரவத்தை எடுத்துக் குடுவையில் ஊற்றினேன். மஞ்சள் போய்த் தண்ணீர்போலத் தெளிந்தது. ஆய்வக வழக்கப்படி கொஞ்ச நேரம் விட்டுவைத்துத் தொட்டியில் கொட்டினேன்.

கபியாத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜெபம் முடியும் நேரம். அத்தை மேல் படியிலிருந்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டு வந்தாள். கடைசி ஒன்றை எனக்காக விட்டு நகர்ந்தாள். விரல்களால் திரியைப் பிடித்து அணைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"முடிஞ்சுது. ஒண்ணு தின்னவே இல்ல அத்தே. மருந்து போட்டது."

"அப்ப இன்னொருத்தி பொண்ணுக்கு ஆகுமா?"

"தெரியாது. ரொம்ப வருஷம் ஆகும். ஆகாமலும் போகலாம்."

தலையசைத்தாள். உள்ளே போய் நீலப் பூப்போட்ட உடுப்பில் திரும்பி வந்தாள். கழுத்தருகே பெட்டியில் கிடந்த மடிப்பு தெரிந்தது. அவள் மூக்கை நான் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"என்ன நாத்தம் இது? போய்க் கழுவு. சிப்பா ரொட்டி ஆறிப்போகுது."