இரண்டு ரோலர்கள் சேரும் நேரம்

2014 ஜனவரியில் கீழ் கோத்தகிரிச் சரிவில் இருந்த ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரி, தூள் விலை கட்டுப்படியாகவில்லை என்று மூடப்பட்டது. கொழுந்தை அரைத்துச் சுருட்டும் ரோலர் மெஷின்களை அங்கே பல வருடங்களாக ஓட்டிவந்தவன் சில்வஸ்டர். பல்லடத்தில் ஒரு நூல் மில்லில் அவனுக்கு வேலை இருந்தது. அங்கேயே தங்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வரலாம்.

அவன் மனைவி ஜெஸிந்தாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை. சில்வஸ்டர் சர்ச்சில் பாடுகிறவன். கிறிஸ்தவப் பாடல் ஆல்பங்கள் போடும் குன்னூர் ஸ்டுடியோ ஒன்று பாடகர் தேடுவதாகக் கேள்விப்பட்டு, மாதிரிக்கு ஒரு பாட்டு அனுப்பலாமா என்று அவளே போன் செய்து கேட்டாள். நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்ததால் ஹெட்மிஸ்ட்ரஸிடம் லேப்டாப்பை இரவல் வாங்க முடிந்தது. பதிவு செய்யும் மென்பொருளை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் அவனை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்துப் பாட்டொன்றைப் பாடவைத்தாள்.

குரலில் குறையில்லை. ஆனால் அது தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. ‘இரக்கம்’ என்ற சொல் முனகலாகப் போக, அடுத்து வந்த ‘ஆகவே’ கூரையைத் தூக்கியது.

“ஏனுங்க, ‘ஆகவே’ங்கறதுக்கு எதுக்குங்க இந்தக் கத்து கத்தறீங்க?”

“நானா? ஒரே மாதிரிதான பாடுனேன். சர்ச்சுல யாரும் சொல்லலயே.”

“அங்க பாஸ்டரே கத்துறாரு. உங்க குரல் எங்க கேக்கும்?”

குரலின் அலைப்படத்துக்கு மேலே ஆட்டோமேஷன் கோடு ஓடியது. அதில் புள்ளி வைத்துக் கீழே இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் குறையும். குரல் ஏறிய இடங்களிலெல்லாம் அவள் கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தாள். முதல் சரணம் முடிந்ததும் கை நின்றது. கோட்டின் பள்ளங்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன. பாட்டின் தாளத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சொல்லுக்கும் இல்லை.

“இங்க வந்து பாருங்க.”

சில்வஸ்டர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தான். அவள் மறுபடி ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் விரல் மேஜையில் தட்டத் தொடங்கியது.

“ரெண்டும் சேர்ற நேரம்,” என்றான்.

ஃபேக்டரியில் அவன் பார்த்துக்கொண்டவை பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு ரோலர்கள். இரண்டுக்கும் வேகம் ஒன்றல்ல. ஒன்று மற்றதை மெல்ல எட்டிப்பிடிக்கும். இரண்டும் சேர்ந்து சுற்றும்போது தரையே அதிரும், பிறகு விலகிவிடும். அவற்றுக்கு நடுவில் நின்றுதான் அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டையும் பாடிப் பழகினான். சத்தம் பெருகும்போது குரலை உயர்த்தினான், அடங்கும்போது இறக்கினான். மெஷின் நின்றது தொண்டைக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நின்னுருச்சில்ல, ஜெஸி,” என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வைத்த புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டு அப்படியே அனுப்பலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டும்விட்டாள்.

“வேண்டாம் புள்ள. சமமா ஆக்கிரு. பாட்டுக் கேக்கறவனுக்கு எங்க ஃபேக்டரி எதுக்கு?”

ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டாம் சரணம் ஓடியது. குரல் ஏறுவதற்குச் சற்று முன்பே “இப்ப” என்றான். அவள் இழுத்தாள். “இப்ப.” மறுபடி இழுத்தாள். கடைசிச் சரணத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாயால் சொல்லாமல் அவள் முழங்கையை மட்டும் தொட்டான். ஒரு இடம்கூடத் தவறவில்லை.

ஸ்டுடியோவில் தனிப்பாட்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சில்வஸ்டரைக் கோரஸுக்கு எடுத்துக்கொண்டார்கள், வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்களில் அவன் கோத்தகிரியில் கேரட் மூட்டை ஏற்றினான். பல்லடம் போகவில்லை. முதல் பதிவின்போது அவன் குரல் நடுநடுவே ஏறியதால், கோரஸ் பாடிய மற்றவர்களைவிட ஓரடி பின்னால் அவனை நிற்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டினார்கள். அவன் அதன்மேல் நின்று பாடினான்.