பின்பக்கம் தாழ்ந்த ஜீப்

1

சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பழைய ஜீப்தான் இந்தக் கதைக்கு மூலம். பாரம் தாங்காமல் பின்பக்கம் தரையைத் தொட, மூக்கு வானம் பார்த்தது. சாமான் மறைத்ததில் ஓட்டுபவளின் கண்கள் மட்டும் பக்கக் கண்ணாடியில் தெரிந்தன. அவை பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தன. பச்சை விழுந்தது, போய்விட்டாள். மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2

‘அந்த மெக்கானிக் ஒருகாலத்தில் அவளை...’

(இப்படித் தொடங்கினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். மெக்கானிக் அவளுடைய கணவன். பிரிந்து நான்கு வருடம். தொலைவில் வேலை கிடைத்து, கட்டில், தையல் மிஷின், புத்தகப் பெட்டிகள் என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு கிளம்பியவள், டயர் உரசும் சத்தம் கேட்டு அவன் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினாள்.

அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் நேராகிக் கிடந்தன.

“பாதியை இறக்கிடு. லாரில அனுப்பிக்கலாம்.”

“எதையும் விட்டுட்டுப் போறதா இல்ல.”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது.

3

(பட்டை கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்று அவனைப் பொய் சொல்ல வைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அவனுக்குப் பொய் வராது. வந்திருந்தால் அவள் இங்கே திருப்பியிருக்க மாட்டாள்.)

ஜாக்கி வைத்துத் தூக்கினான். இரண்டு பக்கமும் கனமான பட்டை ஒவ்வொன்று கூடுதலாகச் சேர்த்தான். ஒழுங்காகச் செய்யச் செய்ய, அவள் போவது உறுதியாகிக்கொண்டே வந்தது. கை தயங்கியது, ஆனால் வேலையில் குறை வைக்க மனம் வரவில்லை. மதியத்துக்குள் ஜீப் நிமிர்ந்துவிட்டது.

“முந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டெல்லாம் ஒரு தடவை இறுக்கணும். மறந்துடாத.” பெரிய ஸ்பேனரைத் துடைத்து நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. “எனக்கு அவ்வளவு பலம் ஏதுங்க?”

“வழியில யாராவது...”

“யாரோ ஒருத்தர்னா வேண்டாம்.”

4

நான் எழுதிய ஒரு முடிவில் அவன் ஸ்பேனரோடு ஏறிக்கொள்கிறான். என் மனைவி படித்துவிட்டு, “ஆசையைப் பாரு” என்றாள். இன்னொன்றில் ஜீப் தெருமுனை திரும்பும்வரை அவன்... அதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

அவளுக்குப் பக்கத்து சீட் காலியா, அதிலும் சாமானா என்று நான் எழுதவே இல்லை. அவன் கை அந்தக் கதவுப் பிடியில் இருக்கிறது. நீங்களே எட்டிப் பாருங்கள்.