துளசிக்குத் துளசியே எழுதிய சிபாரிசு

போன வருஷம் மூன்று பல்கலைக்கழகங்கள் துளசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மூன்றும் இங்கிலாந்தில் இருப்பவை, மூன்றும் மிக மரியாதையாகவே சொல்லின. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்க இடம் கேட்டவளுக்கு, இந்த ஆண்டு போட்டி கடுமை, உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும் என்று பதில் வந்தது. அண்ணன் தனேஷ் அதை வாங்கிப் படித்துவிட்டு, "வாழ்த்திக்கிட்டே கதவச் சாத்துறான் பாரு. கெட்டிக்காரன் லா," என்று சிரித்தான். துளசிக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாள் சோறு தண்ணி பிடிக்காமல் சுருண்டு கிடந்தாள். பிறகு எழுந்து தலையை வாரிக்கொண்டு, இந்த வருஷமும் போடப்போகிறேன் என்றாள்.

அவர்கள் இருப்பது மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில். ரப்பர் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் சாய்த்து வீடமைப்புப் பகுதி ஆக்கியபோது தொழிலாளர்களைக் கொண்டுவந்து அடைத்த வீடுகள் அவை. அம்மா மங்களம் அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவள், இப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். இந்த விவரம் தெரிந்த மாத்திரத்தில் எல்லோருக்கும் கண்கள் பளிச்சிடும். "அப்புறம் என்ன துளசி? தோட்டத்துக் கஷ்டத்தப் பத்தி எழுதிப் போடு. வெள்ளக்காரன் உருகிடுவான்," என்பார்கள். துளசி படிக்க விரும்பியதோ முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நகைச்சுவை நாடகங்களை. வாய் கூசாமல் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் கணவன்மார்களும், அவர்களைச் சுண்டுவிரலில் ஆட்டிவைக்கும் பெண்களும் நிறைந்த நாடகங்கள். அவற்றைப் படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மங்களம் ஒருமுறை திருநீறு பூசிவிட்டாள்.

"அழுறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்? இங்கயே அழலாமே. நான் சிரிக்கப் போறேன்," என்பாள் துளசி. 

விண்ணப்பத்துக்குக் கட்டுரை வேண்டும், நோக்க அறிக்கை வேண்டும், பாடம் நடத்திய இரண்டு பேருடைய சிபாரிசுக் கடிதங்களும் வேண்டும். ஒருவர் பிரச்சினை இல்லை, கேட்டதும் எழுதி அனுப்பிவிட்டார். இன்னொருவர் டாக்டர் சுரேன். ஈப்போவில் அவள் இளங்கலை படித்த தனியார் கல்லூரியில் நாடகப் பாடம் நடத்தியவர். அந்த நாடகங்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் எழுதாவிட்டால் விண்ணப்பம் அந்தரத்தில் நிற்கும்.

டாக்டர் சுரேனிடம் ஒரு பழக்கம் உண்டு. அவருக்கு மட்டும் என்று சொன்னால் பாவம், பாதி வாத்தியார்களுக்கு அது உண்டு. "நீயே எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள். போன வருஷம் துளசி அப்படித்தான் எழுதிக் கொண்டுபோனாள், கூடவே அம்மா கொடுத்துவிட்ட தம்புன் பம்ளிமாஸ் பழங்கள் இரண்டு. அவர் பழங்களை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டு, பல்கலைக்கழகப் பக்கத்தைக் கணினியில் திறந்து தன் நாற்காலியையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, யாரிடமோ தொலைபேசியில் பேசப் போய்விட்டார்.

அந்தக் கடிதத்தை அவள் ஒரு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வைத்தவள் பிரமிளா. துளசி டியூஷன் எடுக்கும் நிலையத்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை. உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட, டீச்சர் ஒரு கடிதம் தாங்க என்று வந்து நின்றாள். துளசி உட்கார்ந்த இடத்தில் எழுதினாள். இப்படிக் கேள்வி கேட்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை, இவள் கேட்ட ஒரு கேள்விக்காக என் பாடத்தையே மாற்றிக்கொண்டேன் என்று பேனா தடுமாறாமல் ஓடியது. எழுதி முடித்த சூட்டோடு, தனக்குத் தானே எழுதியதைத் தேடித் திறந்தாள்.

துளசி அமைதியானவள். பணிவானவள். நேரம் தவறாதவள். ஏழ்மையான குடும்பத்திலிருந்து வந்தும் உழைப்பால் முன்னேறியவள். ஆசிரியர் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாதவள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரோ எழுதியிருந்தால் திட்டித் தீர்க்கலாம். எழுதியது அவளேதான். தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதினால் சார் என்ன நினைப்பாரோ என்று கூசிக் கூசி, கைகட்டி நிற்கிற ஒருத்தியை எழுதி அனுப்பியிருக்கிறாள். அந்த நாடகங்களில் வரும் பெண்கள் பார்த்திருந்தால் விசிறியாலேயே அவள் தலையில் ஒன்று போட்டிருப்பார்கள்.

மறுநாள் கிளம்பும்போது மங்களம் மறுபடி பழப்பையை நீட்டினாள். "வேணாம்மா," என்றாள் துளசி. "இந்தத் தடவ அவரையே எழுதச் சொல்லப் போறேன்."

மங்களத்துக்குப் பயம் வந்துவிட்டது. "பெரியவங்களப் பகைச்சிக்காத லா. தோட்டத்துல கணக்குப் பாக்குற கிராணி முன்னால நாங்க வாயத் திறந்ததே இல்ல. திறந்தவங்களுக்கு மறுநாள் வேல இருக்காது. அவரு கோவிச்சிக்கிட்டு எழுத மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். அவரு கிராணியும் இல்ல, நான் மனு குடுக்கப் போகவும் இல்ல."

பேசும்போது வீரமாகத்தான் இருந்தது. கல்லூரிப் படியேறும்போது தேதியை எண்ணிப் பார்த்தாள். கடைசித் தேதி மறுநாள். சுரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னொரு வருஷம் போச்சு.

அவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "வா துளசி. எழுதிக் கொண்டாந்தியா? குடு, போட்டுறலாம்."

"இல்ல சார். நீங்க எழுதணும்."

"ஐயோ, மார்க்கிங் தலைக்கு மேல கெடக்கு. எல்லாரும் எழுதிக்கிட்டுத்தான் வாராங்க. உனக்கு என்னா சூசா, எழுதுறது அவ்ளோ கஷ்டமா?"

துளசி பழைய கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"வீட்டு வேலைக்கா சார் ஆள் எடுக்கறாங்க?"

சுரேன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. வாய்க்கு வந்துவிட்டதை இனி விழுங்க முடியாது என்று துளசிக்குத் தெரிந்தது. விழுங்க மனமும் இல்லை.

"நான் உங்க வகுப்புல அமைதியா இருந்தேனா சார்?"

"நீயா?" அவருக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. "அந்த விதவை வேஷம் போடுற காட்சிக்கு நான் சொன்ன விளக்கம் தப்புன்னு ஒரு மணி நேரம் வாதாடினவ. மத்த பசங்க சாப்பாட்டுக்குக்கூடப் போகாம உக்காந்து கேட்டானுங்க."

"அது எங்க சார் இதுல?"

"நீதானே எழுதின!"

"ஆமா சார். கையெழுத்து நீங்க போட்டீங்க."

 துளசி நிறுத்தவில்லை. "கடிதம் மட்டும் இல்ல சார். அந்தப் பக்கத்துல ஒரு கேள்வி இருக்கும். நீங்க படிச்சுக் குடுத்த பிள்ளைங்கள்ல இவ எந்த இடம்னு. நாலு கட்டம். முதல் கட்டம் மிகச் சிறந்தவங்களுக்கு. அதையும் நான்தான் போட்டேன். மூணாவதுல."

"மூணாவதுலயா? ஏன்?"

"முதல் கட்டத்துல போட்டா, திமிர் புடிச்சவன்னு நீங்க நெனப்பீங்கன்னு."

"நான் பாக்கவே இல்லையே, துளசி."

"தெரியும் சார். அதுக்குத்தான் வந்திருக்கேன்." அவள் குரல் உடைந்தது. உடைந்தால் என்ன, சொல்ல வேண்டியதை அந்தக் குரலிலேயே சொன்னாள். "நான் மூணாவதுன்னா நீங்களே போடுங்க, வாங்கிக்கறேன். நாலாவதுன்னாலும் சரி. ஆனா என்னை நெனச்சுப் பாத்துப் போடுங்க. எனக்கு நானே இன்னொரு தடவ எழுத மாட்டேன். நீங்க எழுத முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, இந்த வருஷத்த விட்டுடறேன்."

சுரேன் பழைய கடிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எதிரில் குவிந்திருந்த விடைத்தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளினார். கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வெளிய உக்காரு. எழுதுறத நீ பாக்கக் கூடாது, அதான் முறை," என்றார். அந்த முறை அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ.

துளசி வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. வேகமாக அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் அழிக்கிற ஒரே சத்தம். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் போனார்கள், அடுத்த வகுப்புக்கு வந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. சுரேன் முகம் வியர்த்திருந்தது. இரண்டு பக்கக் கடிதம் எழுதினால் இப்படி வியர்க்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

"அனுப்பிட்டேன்," என்றார். "அந்த விதவைக் காட்சியையும் எழுதிட்டேன். நீ சொன்னது சரின்னு எழுதல. அத நான் இன்னும் ஒத்துக்கல."

"வேணாம் சார். இங்கிலாந்து போயி எழுதறேன், படிச்சிட்டு ஒத்துக்குங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஏ துளசி! எந்தக் கட்டத்துல போட்டேன்னு கேக்க மாட்டியா?"

நடைபாதையில் அவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அங்கேயே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்க எதுல போட்டீங்கன்னு தெரியாது சார். என்னைக் கேட்டா, முதல் கட்டம்."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். துளசி தலையைக் குனியவில்லை.