எந்நேரமும் திறந்த கடை

தையலக்காவுக்கு இணையத்தில் கடை போட்டுக்கொடுத்தது நான்தான். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு வேலை. குழந்தைகளின் கவுன் தைப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கடை நேரம் என்ன போடலாம் என்று கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"நேரமா? இந்தக் கதவை எப்ப தட்டினாலும் நான் இல்லைன்னு சொன்னதில்ல டீச்சர். மூடியிருக்குன்னு போட்டா, இவளுக்கு வந்த திமிரப் பாருன்னு பேச மாட்டாங்களா?"

'எந்நேரமும் திறந்திருக்கும்' என்பதை அவரே அழுத்தினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தெருக்காரர்கள் இரவானால் தூங்கிவிடுவார்கள். இணையத்தில் ஒருத்தர் தூங்கினால் இன்னொருத்தர் முழித்திருப்பார். கேட்டால்தானே?

ஆர்டர் குவிந்தது. கூடவே சனியனும் வந்தது. உடனே பதில் போடாவிட்டால் அந்தச் செயலி, வாங்க வருபவர்களுக்குக் காட்டும் பட்டியலில் கடையைத் தூக்கி அடியில் போட்டுவிடும். குளிக்கப் போனாலும் அக்கா போனோடுதான் போனார். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த சமயம். அடுப்பு எரிந்ததே அந்த போனை நம்பித்தான்.

அப்போது பார்த்து, வெளியூரிலிருந்த மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனோ கப்பல் வேலையில். அந்த ஊரில் போன் பேசலாம், நெட் மட்டும் எடுக்காது; கையோடு போனைக் கொண்டுபோயும் பயனில்லை. "எப்பம்மா வர்றே?" என்று தினமும் மகள் கேட்பாள். "இதோ கிளம்பிட்டேன் கண்ணு" என்று தினமும் அக்கா சொல்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டேன்.

"விடுமுறைன்னு ஒரு பட்டன் இருக்குக்கா. அமுக்கிட்டுக் கிளம்புங்க."

"அமுக்கினா?"

"கடை கீழே போயிடும்."

"திரும்ப மேல வருமா?"

வரும் என்று புளுகியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

அக்காவின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரிடம் திரும்பினேன். "நீங்க கொஞ்ச நாள் பதில் போடக் கூடாதா?"

"கவுன் சைஸெல்லாம் எனக்கென்னங்க தெரியும்?" என்றார். அந்த மனுஷனைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

வாசலில் வண்டி நின்றது. மகள் இறங்கினாள், ஒரு கையில் பையும் மறு கை வயிற்றின் மேலுமாக.

"அடிப்பாவி! அசையவே கூடாதுன்னாங்களே!"

"நீ வர மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நானே வந்துட்டேன்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். மேசைமேல் போன் ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது. அழுகையின் நடுவிலேயே அக்காவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

மகள் அதைப் பார்த்தாள். அம்மாவை மெல்ல விலக்கிவிட்டு, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள்.

"நீ அழுதுட்டு வாம்மா, நான் பதில் போட்டுடறேன். மூணு வயசுக்கு மஞ்சள் கவுன் இருக்கா?"

"இருக்கு" என்றார் அக்கா.